இந்தியர் வீடு

சனிக்கிழமை வந்த பெண்ணுக்கு
எங்கள் சன்னல் பிடித்துவிட்டது.
வயிறு ஏழு மாதம் இருக்கும்.
கைப்பையிலிருந்து அளவுநாடாவை இழுத்து
திரைச்சீலைக்கு அளந்தாள்,
தொட்டில் இங்கே என்று கணவனிடம் மண்டரினில் சொன்னாள்.
சுவரில் பென்சிலால் சின்னதாய் ஒரு கோடு போட்டு,
உடனே என்னைப் பார்த்து, சாரி ஆன்ட்டி, என்றாள்.

திங்கட்கிழமை முகவர் சுலைஹா கூப்பிட்டாள்.
அவர்கள் முகவர் சரிபார்க்கவில்லையாம்.
உங்கள் புளோக்கில் சீனர் விகிதம் நிரம்பிவிட்டது, மேடம்.
உங்களுடையது இந்தியர் வீடு.
சீனருக்கு விற்க முடியாது.

நான் என் கணவரைப் பார்த்தேன்.
சுவா கெங் ஹுவாட்,
தியோச்சியு அப்பாவுக்கும் தியோச்சியு அம்மாவுக்கும் நான்காவது பிள்ளை,
தரையில் செய்தித்தாள் விரித்துப்
பாகற்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால்
நாங்கள் வாங்கியபோதும் அந்தக் கணக்கு நிரம்பித்தான் இருந்தது.
கலப்புத் தம்பதிக்கு ஒரு வசதி உண்டு:
இருவரில் ஒருவர் இனத்தை வீட்டுக்கு வைக்கலாம்.
காப்பியா தேநீரா என்பதுபோலக் கேட்டார் அதிகாரி.
கெங் ஹுவாட் முந்திக்கொண்டார். இந்தியர்.
வெளியே பேருந்து நிறுத்தத்தில்
தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினார்,
நாங்கள் ஆட்டுவதாக இவர்கள் நினைக்கும் மாதிரி.
சிரித்தேன்.
அப்புறம் பேருந்து வரும்வரை சிரிக்கவில்லை.

அதற்கும் முந்தி, வாடகைக்கு அலைந்த காலத்தில்
தொலைபேசியில் நான் திருமதி சுவா.
வீடு காலியாக இருந்தது.
கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்ததும்
அதே வீடு நிரம்பிவிட்டது.
சமையல் வாசம், வேறொன்றுமில்லை, என்றார் ஒருவர்.
அன்றைக்கு எங்கள் வீட்டில் புளிச்சட்டி வைப்பவர்
என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்,
பெயர் கெங் ஹுவாட்.

வியாழக்கிழமை உங்கள் இனத்தவர் ஒருவர் வருகிறார்
என்று சுலைஹா மகிழ்ச்சியாகச் சொன்னாள்.
திரு நிகாம். இந்தூர்.
குடியுரிமை கிடைத்து ஏழு மாதம்.
அவர் இந்தி என் காதில் ஏறவில்லை,
என் தமிழ் அவர் கழற்றிவைத்த காலணிக்குப் பக்கத்திலேயே நின்றது.
ஆங்கிலத்தில் பேசிக்கொண்டோம்,
நாங்கள் இரண்டு இந்தியர்.

உங்களுக்கு எந்த ஊர்?
ஈசூன்.
இல்லை, அதற்கு முன்னால்?
அதற்கு முன்னாலும் ஈசூன்தான். வேறு புளோக்.

சாமி அலமாரியில் முருகனும் குவான் யின்னும்
தோளோடு தோள் இடித்து நிற்பதை உற்றுப் பார்த்தார்.
சமையலறை எந்தத் திசை என்று கேட்டார்.
பிறகு குரலைத் தாழ்த்தி,
அங்கே அந்தச் சீனர் யார்?

வீட்டுக்காரர், என்றேன்.
பதிவேட்டின்படி, இந்தியர்.

அவர் சிரிக்கவில்லை. கணக்குப் போட்டார்.
நாமெல்லாம் ஒன்றுதானே, என்று தொடங்கி
நாற்பதாயிரம் வெள்ளியைக் குறைத்துக் கேட்டார்.
எங்களிடம் யார் வாங்க முடியும், யார் முடியாது என்பது
அவருக்கும் தெரிந்திருந்தது.

நித்திலாவுக்குப் போன மாதம் அடையாள அட்டை வந்தது.
சீனர், ஒரு சிறு கோடு, இந்தியர்.
கோட்டுக்கு முன்னால் இருப்பதுதான் வீட்டுக்குச் செல்லும்
என்று அவளே இணையத்தில் படித்துச் சொன்னாள்.
அப்படியானால் இந்த வீட்டை எனக்கே விற்க முடியாதில்லையா அம்மா?
பதினைந்து வயது. பதிலுக்குக் காத்திருக்கவில்லை,
தாய்மொழி வீட்டுப்பாடம் இருந்தது.
மண்டரின். அவள் தாயின் மொழி அல்ல.
தியோச்சியு பேசி வளர்ந்த அவள் தந்தையின் தாய்மொழியும் அல்ல.

சுவரில் அந்தப் பென்சில் கோடு இன்னும் இருக்கிறது.
இரண்டு தடவை ரப்பரை எடுத்துப்போய்
சன்னலைச் சாத்திவிட்டு வந்தேன்.
இந்நேரம் அவள் வேறு சன்னலை அளந்திருப்பாள்.

இரவு பாகற்காயை உப்பு முட்டையோடு வதக்கினார் அவர்.
எனக்குப் பாதியைத் தனியே எடுத்து மிளகாய்த்தூள் போட்டார்.
தட்டை நீட்டியபடி கேட்டார்:
சாவியைக் கொடுத்த பிறகு நான் மறுபடியும் சீனனா?

வெள்ளிக்கிழமைவரை நேரம் கேட்டிருக்கிறேன், என்றேன்.
பொறு.